ஏரல் மச்சுக்குள் ஒரு சாம்பியன் டீம்!

மரப்படி ஏறும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏரல் பஜாருக்குப் பின்பக்கத் தெரு, பழைய காரை வீடு, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத மச்சு. மூலையில் ஒரு தகரப் பெட்டி. அண்ணாச்சி பூட்டைத் திறந்து, மேலே கிடந்த பழைய வேட்டித் துணியை விலக்கினார். உள்ளே நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. அட்டையில் நீல மையில், வாத்தியார் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'தூத்துக்குடி டீம் - 2016, 2017'.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை! தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் சாம்பியன் யார்? நம்ம தூத்துக்குடியின் பேரைச் சுமந்து ஆடிய டூட்டி பேட்ரியாட்ஸ்! அந்த அணியின் ஆட்டங்களைப் பந்து பந்தாக எழுதி வைத்திருக்கிற நோட்டு, எனக்கு ஒரு முழம் தூரத்தில்! கையை நீட்டினேன்.

"மெதுவா, மெதுவா. தாள் பொடிஞ்சிரும்டே" என்றார் அண்ணாச்சி.

அண்ணாச்சி யாரென்றால், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருடமாக ஏரல் சுற்றுவட்டாரத்தில் எங்கே டோர்னமெண்ட் நடந்தாலும் ஸ்கோர் எழுதியவர். பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேரு எனக்கெதுக்கு? நோட்டுல இருக்கவன் பேரைப் போடு" என்பது அவர் உத்தரவு. அப்படியே செய்கிறேன். வாருங்கள், நோட்டைத் திறப்போம்!

நாலு நிறப் பேனா

முதலில் அந்தப் பக்கத்தின் அழகைச் சொல்லியாக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மதினி போட்ட புள்ளிக் கோலம் மாதிரி இருக்கிறது. கிட்டே போனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பந்து. ரன் வராத பந்துக்குப் புள்ளி. ஒரு ஓவர் முழுக்க ரன்னே வராமல் போனால், மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் வைத்த ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து 'எம்' என்ற எழுத்தாக்கிவிடுகிறார். அதுதான் மெய்டன். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் கோட்டைத் தலைகீழாக இணைக்கிறார், 'டபிள்யூ' வந்துவிடுகிறது! ஆறு புள்ளிக்குள் இரண்டு சேதி ஒளிந்திருக்கிறது. இத்தனை வருடம் ஆட்டம் பார்த்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே!

பேனா நாலு நிறம். முதல் பந்துவீச்சாளர் வந்தால் நீலம், அடுத்தவர் சிவப்பு, அதற்கடுத்து பச்சை, கறுப்பு. பேட்ஸ்மேன் பக்கத்தில் எழுதும் ரன்னும் அந்தந்த நிறத்திலேயே விழும். "இந்த நாலு ரன்னு யாரு போட்ட பந்துல வந்துச்சுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லிருவேன்" என்று சிரித்தார் அண்ணாச்சி.

அடுத்து அவர் காட்டியது கணக்கு வாத்தியாரின் வித்தை. இன்னிங்ஸ் முடிந்ததும் இரண்டு கூட்டல் போடுகிறார். பேட்ஸ்மேன்கள் எடுத்த ரன், அதோடு உதிரி ரன் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன், அதோடு பை, லெக் பை சேர்த்து இன்னொரு தொகை. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஒரு ரன் இடித்தாலும் தூக்கம் கிடையாது. பை, லெக் பை பந்துவீச்சாளர் கணக்கில் ஏறாது, வைடும் நோபாலும் ஏறும். வைடு பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகாது, நோபால் ஆகும். ரன் அவுட் பந்துவீச்சாளருக்குக் கிடையாது. இந்த விதியெல்லாம் அண்ணாச்சி விரல் நுனியில் பாக்கு மாதிரி உருள்கிறது.

பெரிய ஆட்டங்களில் ஸ்கோரர் அறை எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அணிக்கு ஒருவராக. அம்பயர் கையைத் தூக்கிச் சைகை காட்டினால் போதாது. ஸ்கோரர் பதிலுக்குக் கையையோ விளக்கையோ காட்டும்வரை அம்பயர் காத்திருக்க வேண்டும். விதிப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது! நாம் பவுண்டரிக்கு விசிலடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நொடியில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை மேலே போய்க் கீழே இறங்குகிறது. அந்தக் கை இறங்கினால்தான் அந்த நாலு ரன் நிஜமாகிறது. இப்போது பெரிய ஆட்டங்களுக்குக் கணினி வந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி நோட்டில் இருக்கிற பேனா அழுத்தம் கணினியில் வருமா? சிக்ஸர் எழுதிய இடத்தில் தாளின் மறுபக்கம் தடித்திருக்கிறது. தடவிப் பார்த்தேன். சத்தியமாகப் புல்லரித்தது!

முதல் கோப்பை நம்முடையது

2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணிகள், மூன்று மைதானங்கள். சென்னை சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தம், அப்புறம் நம்ம திருநெல்வேலி தாழையூத்து சங்கர் நகரில் சிமெண்ட் ஆலையின் மைதானம். இந்தியத் தொப்பி போட்ட ஆட்டக்காரர்கள் தாழையூத்துக்கு வந்து ஆடப்போகிறார்கள் என்றதும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சி அந்த ஆட்டங்களுக்கு நேரில் போய், கேலரியில் மடியில் பலகை வைத்து எழுதினார். சென்னையிலும் நத்தத்திலும் நடந்ததை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து எழுதினார்.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வர்ணனையை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். "பந்தைக் கண்ணால பாக்காமலே காதால கேட்டு ஸ்கோர் எழுதுனவன்டே நான். டிவியில எழுதறது ஒரு பெரிய காரியமா?" என்றார்.

2016 செப்டம்பர் 18. இறுதி ஆட்டம், சேப்பாக்கம். எதிரில் சேப்பாக் சூப்பர் கில்லீஸ், அவர்கள் சொந்த ஊர், சொந்தக் கூட்டம். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது அண்ணாச்சியே எழுந்து நின்றுவிட்டார். தலை உத்தரத்தில் இடித்தது, அதைக்கூடக் கவனிக்கவில்லை! தூத்துக்குடி 2 விக்கெட்டுக்கு 215. சேப்பாக்கம் 93-க்கு ஆல் அவுட். வித்தியாசம் 122 ரன். இருபது ஓவர் ஆட்டத்தில், அதுவும் இறுதி ஆட்டத்தில், எதிரணி எடுத்ததைவிட ஒரு மடங்குக்கும் மேலே! பக்கத்தின் அடியில் இரண்டு கோடு போட்டு, 'கூட்டல் சரி' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறார். ஆத்தூர் வெற்றிலைக் காவி ஒரு சொட்டு ஓரத்தில் சிவந்து கிடக்கிறது. ஜெயித்த சந்தோஷத்தில் தெறித்ததாம்!

அதே சீசனில் தோற்ற ஒரு பக்கத்தையும் ஆசையாகக் காட்டினார். திண்டுக்கல் டிராகன்ஸோடு ஆட்டம் சமனாகி சூப்பர் ஓவருக்குப் போனது. பந்து சேலம் சின்னப்பம்பட்டிக்காரர் தங்கராசு நடராஜன் கையில். எதிரே அபினவ் முகுந்த். ஆறு பந்தும் யார்க்கர்! நோட்டில் ஆறு கட்டத்துக்கும் கீழே ஆறு சின்ன அம்புக்குறி, எல்லாமே பேட்ஸ்மேனின் கால் பெருவிரலைப் பார்த்து. "நம்ம டீம் தோத்த வருத்தம் ஒரு பக்கம். இருந்தாலும் கை அதுவா அம்பு போட்டுச்சு. நல்ல பந்தை நல்ல பந்துன்னு எழுதாட்டி அப்புறம் என்ன ஸ்கோரர்?" என்றார். அடுத்த பிப்ரவரியில் ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி நடராஜனை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஏரல் மச்சில் கிடக்கிற ஆறு அம்புக்குறியின் விலை அது!

17 வயசு, 459 ரன்

2017 பக்கங்களுக்கு வந்தோம். ஒரு பேருக்கு முன்னால் மட்டும் 'இ' என்ற எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. இடதுகை ஆட்டக்காரர் என்பதற்கு அடையாளம். பேர், வாஷிங்டன் சுந்தர். வயது 17!

முந்தைய ஆண்டு அதே அணியில் பதினாறு வயசுப் பிள்ளையாக இருந்தவர். 2017 மே மாதம் ஐபிஎல்லில் புனே அணிக்காக மும்பையின் வான்கடே மைதானத்தில், இறுதிக்குப் போகும் தகுதிச் சுற்றில் 16 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். அதோடு ஜூலையில் தூத்துக்குடி அணிக்குத் திரும்பி வந்தவர், அந்தச் சீசனில் அடித்தது 459 ரன். லீக்கிலேயே அதிகம்! பந்துவீச்சாளர் என்று நினைத்திருந்த பையன் பேட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டான். அண்ணாச்சி அவருக்காகத் தனியாக ஒரு வட்டம் வரைந்து, எந்தப் பக்கம் எத்தனை ரன் போனது என்று கோடு கோடாக இழுத்து வைத்திருக்கிறார். வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கிறது. ஆஃப் பக்கம் அடர்ந்த காடு! அந்த ஆண்டும் தூத்துக்குடி இறுதிக்கு வந்தது. இந்தத் தடவை சேப்பாக்கம் 6 விக்கெட் வித்தியாசத்தில் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கதை! 2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், காபா மைதானம். 1988-க்கு அப்புறம் ஆஸ்திரேலியா அங்கே டெஸ்டில் தோற்றதே இல்லை. இந்திய அணியில் பாதிப் பேர் காயம். வேறு வழியில்லாமல் இரண்டு புதுமுகங்களுக்குத் தொப்பி கொடுத்தார்கள். யார் யார்? நோட்டின் 2016 பக்கத்தில் யார்க்கர் போட்ட நடராஜன், அதே நோட்டின் 2017 பக்கத்தில் 459 அடித்த வாஷிங்டன்! முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் ஆளுக்கு 3 விக்கெட். அப்புறம் வாஷிங்டன் 62 ரன். ஷர்துல் தாக்கூரோடு ஏழாவது விக்கெட்டுக்கு 123 ரன் சேர்த்தார். கடைசி நாளில் இந்தியா 328 என்ற இலக்கைத் தொட்டு 3 விக்கெட்டில் ஜெயித்தது.

2024 அக்டோபரில் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 59 ரன் கொடுத்து 7 விக்கெட். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101, முதல் டெஸ்ட் சதம். இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்ட பக்கங்களில் ஒன்று இந்த நோட்டில் இருக்கிறது!

கொழும்பில் எட்டுப் பந்து

"இப்ப ஒண்ணு காட்டுதேன், பாரு" என்று நோட்டின் பின் அட்டைப் பக்கம் போனார். தூத்துக்குடி ஆட்டம் அல்ல, ஆனால் தூத்துக்குடி ஆட்டக்காரர் என்பதால் அங்கே ஒட்டி வைத்த ஒரு துண்டுத்தாள். தலைப்பு: 'தி.கா., கொழும்பு, 18.3.2018'.

தினேஷ் கார்த்திக்! நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம், பிரேமதாசா மைதானம். பங்களாதேஷ் 166 எடுத்திருந்தது. இந்தியாவுக்கு இரண்டு ஓவரில் 34 ரன் வேண்டும் என்ற நிலையில் உள்ளே வந்தார். துண்டுத்தாளில் இருப்பதை அப்படியே தருகிறேன்: 6, 4, 6, புள்ளி, 2, 4. இது ருபெல் ஹொசைன் போட்ட பத்தொன்பதாவது ஓவர், 22 ரன். கடைசி ஓவரில் அவர் சந்தித்தது இரண்டே பந்து. முதலாவதில் 1. இரண்டாவது, ஆட்டத்தின் கடைசிப் பந்து. வேண்டியது 5 ரன். எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே தட்டையாகப் பறந்தது 6!

எட்டுப் பந்தில் 29 ரன். ஸ்ட்ரைக் ரேட் 362.5. அண்ணாச்சி அந்தக் கடைசி 6-ஐ நாலு நிறப் பேனாவாலும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியிருக்கிறார். தாள் கிழிந்தே போயிருக்கிறது!

இன்னும் கேளுங்கள். கார்த்திக் ஆட்டநாயகன். 8 விக்கெட் எடுத்துத் தொடர்நாயகன் ஆனது யார்? வாஷிங்டன் சுந்தர்! அந்தக் கடைசி ஓவரில் மறுமுனையில் நின்றவர் திருநெல்வேலியில் பிறந்த விஜய் சங்கர்! ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறி நம்மவர்கள் வியாபாரத்துக்குப் போன கொழும்பில், நம்ம தூத்துக்குடி அணியில் ஆடிய இரண்டு பேர் இரண்டு பெரிய பரிசையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதற்குமேல் என்ன வேண்டும்?

கார்த்திக்கின் முழுக் கணக்கும் பக்கத்தில் உண்டு. 26 டெஸ்ட், 94 ஒருநாள், 60 டி20 ஆட்டங்கள். ஐபிஎல்லில் மட்டும் 257 ஆட்டம், 4,842 ரன். அவருக்குக் கீழே அபினவ் முகுந்த். இந்தியாவுக்கு ஆடியது 7 டெஸ்ட், 320 ரன். அதைப் பார்த்துவிட்டு யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். அடுத்த வரியைப் படியுங்கள். முதல்தர ஆட்டங்களில் 10,258 ரன், 31 சதம்! டிவியில் வராத ரஞ்சி ஆட்டங்களில், காலி கேலரிகளுக்கு முன்னால், மொட்டை வெயிலில் எடுத்த ரன்கள் அவை. அந்தப் பத்தாயிரமும் நடந்தது என்பதற்குக் கைதட்டல் சாட்சி இல்லை, ஸ்கோர் நோட்டுதான் சாட்சி. அண்ணாச்சி முகுந்தின் பேருக்கு அடியில் போட்டிருக்கும் கோடு மற்றவர்களுடையதைவிட அழுத்தம்.

இன்னொரு சின்னப் பக்கம். 2018-ல் மதுரை பேந்தர்ஸ் கோப்பை ஜெயித்த சீசன். வருண் சக்கரவர்த்தி போட்ட பந்து 240. அதில் ரன்னே வராதது 125! கட்டிடக் கலை படித்துவிட்டு வந்த சுழல் பந்துவீச்சாளர். விக்கெட் என்று பார்த்தால் ஒன்பதுதான். ஆனால் புள்ளியை எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணினார்கள். அந்த டிசம்பர் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலை 8 கோடியே 40 லட்சத்தில் போய் நின்றது. புள்ளி என்றால் ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர்

மதினி கருப்பட்டிக் காப்பியும் அவித்த பனங்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். நார் உரித்துக்கொண்டே அண்ணாச்சி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஆமாம், பேஸ்பால்!

அந்த ஆட்டத்துக்கு இன்று உலகமே வியக்கிற புள்ளிவிவரப் பழக்கத்தைக் கொடுத்தவர் ஹென்றி சாட்விக். 1824-ல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போய், அங்கே கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் 1859-ல் பேஸ்பாலுக்கு ஆட்டக் கட்டத்தை அமைத்தார். யார் எத்தனை தடவை அடிக்க வந்தார், எத்தனை எடுத்தார் என்று ஒரே பார்வையில் தெரிகிற கட்டம். பந்தைத் தொட முடியாமல் மூன்று தடவை தவறி வெளியேறினால் 'கே' என்று குறிப்பதும் அவர் போட்ட வழக்கம். அண்ணாச்சியின் நோட்டும் நியூயார்க் நோட்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

அந்த ஊர்க்காரர்கள் பழைய ஆட்டக்காரர்களை வைத்துக் கொண்டாடும் அழகே தனி. பேப் ரூத் 714 ஹோம் ரன், அவரைத் தாண்டிய ஹாங்க் ஆரன் 755. சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 1941 சீசனின் கடைசி நாள் காலையில் டெட் வில்லியம்ஸின் சராசரி .39955. உட்கார்ந்திருந்தாலே அதை .400 என்று முழுமையாக்கிக் கொடுத்திருப்பார்கள். அவரோ அன்றைக்கு இருந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டுக்கு ஆறு அடித்து .406-ல் முடித்தார்!

ஆனால் எனக்குக் கண் கலங்கியது வேறொரு பேரில். ஆர்ச்சிபால்ட் கிரஹாம் என்று ஒருவர். 1905 ஜூன் 29-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக மைதானத்தில் இறங்கினார். அடிக்கும் முறை அவருக்கு வருவதற்குள் ஆட்டம் முடிந்தது. அதற்கப்புறம் பெரிய லீக்கில் ஒரு ஆட்டமும் கிடைக்கவில்லை, படித்து டாக்டராகிவிட்டார். ஆட்டம் 1, அடிக்க வந்தது 0. அவ்வளவுதான் அவர் கணக்கு. நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த வரியை அவர்கள் அழிக்கவில்லை! பேப் ரூத்துக்கு ஒரு வரி, கிரஹாமுக்கும் ஒரு வரி.

"பாத்தியாடே? ஒரு பந்தும் அடிக்காதவனுக்கும் அங்க பேரு இருக்கு" என்றார் அண்ணாச்சி. காப்பி ஆறிப்போயிருந்தது.

பேர் மாறிய அணி

நோட்டின் கடைசிச் சில தாள்கள் காலி. ஏனென்றால் தூத்துக்குடி அணியே இப்போது அந்தப் பேரில் இல்லை. 2021 சீசனில் அது சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. அதே ஆண்டு நம்ம பக்கத்துக்கு நெல்லை ராயல் கிங்ஸ் வந்தது. 2022-ல் அந்த அணியின் சஞ்சய் யாதவ் 452 ரன்னோடு லீக்கின் முதலிடம். 2023-ல் அதே அணியின் அஜிதேஷ் குருசாமி 385 ரன்னோடு முதலிடம்.

2023 ஜூலை 10, சங்கர் நகர். திண்டுக்கல்லோடு தகுதிச் சுற்று. அண்ணாச்சி கேலரியில். பத்தொன்பதாவது ஓவரில் நெல்லைக்கு வந்தது 33 ரன்! ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39, அஜிதேஷ் 73. "கட்டத்துல எடமில்லாம ஓரத்துல எழுதுனேன்" என்று அந்தத் தனித் தாளைக் காட்டினார். எண்கள் கட்டத்தைத் தாண்டி, வாய்க்கால் உடைந்த மாதிரி ஓடுகின்றன. இரண்டு நாள் கழித்து இறுதியில் கோவை கிங்ஸ் 205, நெல்லை 101. தோல்விதான். அந்தப் பக்கத்திலும் 'கூட்டல் சரி'. அதே கையெழுத்து, அதே அழுத்தம்.

தூத்துக்குடி என்ற பேர் புள்ளிப்பட்டியலில் இருந்து போய்விட்டது. ஆனால் 215-க்கு 2 போகவில்லை. 459 போகவில்லை. எழுதியது இருக்கிறவரை அந்த டீம் இந்த மச்சில் ஆடிக்கொண்டே இருக்கும்.

மீதி நோட்டுகள்

"மத்த நோட்டெல்லாம் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று உடனே தோன்றியது.

கீழ் அறையில், மர அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. பதினாலு நோட்டு. ஏரல், உமரிக்காடு, பெருங்குளம், சிவகளை, ஆத்தூர், முக்காணி என்று ஊர் ஊராக நடந்த டோர்னமெண்டுகள். வாழை வெட்டிய வயலிலும், வற்றிய குளத்துக்குள்ளும், பள்ளிக்கூட மைதானத்திலும் ஆடிய நூற்றுக்கணக்கான பையன்களின் ரன்னும் விக்கெட்டும்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தெரியாமல் பெருகி ஏரலுக்குள் வந்தது. பாலம் சேதமாகி, ஊர் துண்டாகி, சனங்கள் மாடியில் உட்கார்ந்திருந்த நாட்கள். தண்ணீர் வடிந்தபின் அலமாரியைத் திறந்தால், பதினாலு நோட்டும் ஒரே சேற்றுக் கட்டி. தாள் தாளாகப் பிரித்து மொட்டை மாடியில் காயப்போட்டுப் பார்த்தார்கள். நாலு நிறமும் கரைந்து ஒரே நிறமாகிவிட்டிருந்தது. மச்சில் இருந்ததால் தப்பியது இந்த ஒரு நோட்டு.

"டிவியில வந்தவங்க கணக்கு எங்க வேணும்னாலும் கெடைக்கும்டே. இந்த நோட்டு போயிருந்தாலும் குடி முழுகியிருக்காது. போனது பூராம் வேற எங்கயும் இல்லாதது" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. ஒரு பொங்கல் டோர்னமெண்டில், குளத்துக்குள் நடந்த ஆட்டத்தில், ஒரு இடதுகைப் பையன் ஒரே ஓவரில் நாலு விக்கெட் எடுத்தான். அண்ணாச்சிக்குப் பந்து போன பாதை நினைவிருக்கிறது, பையன் போட்டிருந்த சட்டை நிறம் நினைவிருக்கிறது. பேர்? "அண்ணனா தம்பியா, ரெண்டு பேருமே இடது கை. நோட்டுல எழுதியிருந்தேன். இப்ப சொல்ல முடியல."

நம்ம சிவகளை மண் எத்தனையோ ஆயிரம் வருடத்துத் தாழிகளைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது. முப்பது வருடத்துக்கு முந்தி நாலு விக்கெட் எடுத்த பையனின் பேரை நாம் தொலைத்துவிட்டோம்.

ஆகவே, ஏரல் பக்கத்துத் தம்பிகளே, தங்கச்சிகளே, ஒரு வேண்டுகோள். அடுத்த டோர்னமெண்டுக்குக் கப்புக்கும் பந்துக்கும் பந்தலுக்கும் வசூல் பண்ணும்போது, ஒரு நீள நோட்டுக்கும் நாலு பேனாவுக்கும் சேர்த்து வசூல் பண்ணுங்கள். பட்டப்பேரை மட்டும் எழுதாதீர்கள். முழுப்பேர், தகப்பனார் பேரின் முதலெழுத்து, ஊர், எல்லாம் எழுதுங்கள். ஒரு பந்தும் அடிக்காமல் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டுபோன பையனுக்கும் ஒரு வரி கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு கூட்டலையும் போட்டுச் சரிபாருங்கள். அன்று ராத்திரியே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். நோட்டை மச்சில் வையுங்கள்.

எழுதத் தெரியாதே என்றால், அண்ணாச்சி சொல்லித்தரத் தயார். ஞாயிற்றுக்கிழமை காலை, பேனா மட்டும் கொண்டுவந்தால் போதும் என்கிறார்.